ஆங்கிலம் தெரியாத அம்மாவை ஆங்கில இசை நாடகத்துக்கு அழைத்துப் போகலாமா?

வெள்ளவத்தை மகள்

வணக்கம். நாடகம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

என் மகளுக்குப் பதினாறு வயது. ஓர் ஆங்கில நாடகக் குழுவில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. அடுத்த மாதம் கொழும்பு 7இல் 'ஃபிட்லர் ஒன் த ரூஃப்' மேடையேற்றுகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவுக் காட்சிகள், ஞாயிறு பிற்பகல் ஒன்று. ரஷ்யப் பேரரசு காலத்துக் கதை, 1905ஆம் ஆண்டு. அனத்தேவ்கா என்ற சிற்றூரில் தெவ்யே என்ற யூதப் பால்காரர், மனைவி கோல்டே, ஐந்து பெண்பிள்ளைகள். மூத்த மூவரும் கலியாணத் தரகரை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் மாப்பிள்ளைகளைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆடலும் பாடலும் கலகலப்புமாகப் போகும் கதை, கடைசியில் மூன்று நாள் தவணையில் ஊரையே காலி செய்யச் சொல்லும் கட்டளையில் முடிகிறது.

ஐந்து பெண்பிள்ளைகள் இருந்தும் என் மகளுக்கு அவர்களில் ஒருத்தியின் வேடமும் கிடைக்கவில்லை. செத்துப்போன பாட்டியின் வேடம்தான் கிடைத்தது. தெவ்யே ஒரு பொய்க் கனவு சொல்லுகிற காட்சியில் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பாடிவிட்டுப் போகிற பாட்டி. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் எழுந்து, என் அம்மாவின் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, இடது முழங்கால் சரியாக மடங்காது. சமையலறைப் படியில் இறங்குமுன் கதவு நிலையை ஒருமுறை தொடுவார், தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவார், பிறகு வலது காலை முதலில் வைப்பார். ஒரு மாதமாக என் மகள் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு இது தெரியாது. பேத்திக்குத் திடீரென்று தன்மேல் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது என் இரண்டு கேள்விகள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கடைச் சிங்களம் தெரியும், அவ்வளவுதான். மூன்று மணி நேரம் புரியாத பாஷையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருப்பாரா? காங்கேசன்துறைக்குப் பக்கத்து ஊர்க்காரர். யாழ்ப்பாணத்து இசை நாடகக்காரர் நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். ஆனால் அது தமிழ்.

மற்றது அந்த முடிவு. 83 ஜூலைக் கலவரத்தில் நாங்கள் வெள்ளவத்தையில்தான் இருந்தோம். எனக்கு நான்கு வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதாகச் சொல்வார்கள். 'சொல்வார்கள்' என்றால் மாமாமார். அம்மா ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. இந்த வயதில் ஒரு நாடகத்தைக் காட்டி அதைக் கிளற வேண்டுமா?

மகள் முன்வரிசையில் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறாள். இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

ஒளிக்காரர்

தங்கச்சி, முன்வரிசை வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள்.

முப்பது வருடம் கொழும்பு மேடைகளில் விளக்குப் போட்டவன் நான். முன்வரிசையில் இருந்தால் ஆட்டத்தில் காலைத்தான் பார்க்கலாம், கோலத்தைப் பார்க்க முடியாது. எட்டாம், ஒன்பதாம் வரிசையில் நடைபாதை ஓரமாக எடுங்கள். முழங்காலை நீட்டவும் வசதி, எழுந்து போகவும் வசதி. ஒரு சால்வை கொண்டுபோங்கள். குளிரூட்டி போட்ட அரங்கில் நம்முடைய முதியவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே விறைத்துப்போவார்கள். இரவுக் காட்சியை விட்டு ஞாயிறு பிற்பகலுக்குப் போனால் நல்லது. ஆனால் பிள்ளைகளின் குரல் வெள்ளிக்கிழமை இருப்பதுபோல ஞாயிற்றுக்கிழமை இராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாஷை விஷயம். உங்கள் அம்மா மயான காண்டம் பார்க்கப் போனது கதை தெரிந்துகொள்ளவா? லோகிதாசன் பாம்பு கடித்துச் சாவான் என்பது கொட்டகையில் பாயை விரித்துப் படுத்திருந்த குழந்தைக்கும் தெரியும். சந்திரமதி எந்த இடத்தில் எந்தப் பாட்டை எப்படி எடுப்பார், அரிச்சந்திரன் அதற்கு எப்படி இறங்குவார் என்று பார்க்கத்தான் போனார்கள். முடிவு தெரியாமல் போய் உட்காருகிற வழக்கம் பிறகு வந்தது. ஆகவே கதையை முழுக்க, ஒரு கிளையையும் விடாமல், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யார் யாரைக் கட்டுகிறார், யார் யாரோடு கோபம், எல்லாம். அரங்கில் காதுக்குள் மொழிபெயர்க்காதீர்கள். அது பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை, அவருக்கும் தொல்லை.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கடைசிக் காட்சியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது இடைவேளைக்கு முந்திய காட்சிக்கு. கலியாண வீடு, எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது ஆட்கள் புகுந்து மேசையைக் கவிழ்த்து, தலையணையைக் கிழித்து, பரிசுப் பொருளை உடைத்துவிட்டுப் போவார்கள். நான் இதே நாடகத்துக்கு ஒருமுறை ஒளி அமைத்திருக்கிறேன். அந்த இடத்தில் சபையில் ஒரு சத்தமும் இராது, பிறகு யாரோ ஒருவர் இருமுவார். கடைசிக் காட்சி மெதுவாக வரும், மனம் ஆயத்தமாகிவிடும். இது அப்படியல்ல.

நாற்சார்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1964இல் நியூயோர்க்கில் அரங்கேறியதைக் கொழும்பில் ஆங்கிலத்தில் போட்டால் நாம் பாட்டியையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? அதே 1964இல் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 'இராவணேசன்' போட்டார். மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, படித்தவர்களை உட்காரவைத்துப் பார்க்கவைத்தார். உங்கள் மகளுக்கு அது தெரியுமா? அந்தப் பிள்ளைக்குக் கூத்தின் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுக்கக் கொழும்பில் யாராவது இருக்கிறார்களா?

அம்மாவைப் பொறுத்தவரை என் பதில்: வேண்டாம். கிளற வேண்டாம். என் தகப்பனாரும் கதைக்கவில்லை, கதைக்காமலேயே போய்ச் சேர்ந்தார். அது அவருடைய உரிமை.

ஒளிக்காரர்

நாற்சார் ஐயா, கோபம் நியாயம்தான், ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்ட் அரங்கில் சரச்சந்திர 'மனமே' போட்டார். சிங்கள நாடகத்தையே புரட்டிப்போட்ட நாடகம். அதற்கு அவர் எடுத்த வடிவம் 'நாடகம' என்ற சிங்களக் கிராமிய இசை நாடகம், அதன் வேர் நம்முடைய கூத்தில். சிங்களவர் நம்மிடமிருந்து எடுத்தார்கள். நாம் நேரே பார்சிக்காரரிடமிருந்து எடுத்தோம். மயான காண்டத்தில் பக்கத்தில் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு பாடினார்களே, அது என்ன வன்னிக் காட்டில் காய்த்ததா? பார்சி நாடகக் குழுக்கள் பம்பாயிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் கொழும்புக்கும் வந்துபோனதில் ஒட்டியது. மருதானையில் 1911இல் டவர் மண்டபம் கட்டியதும் அந்தப் பார்சி வழிவந்த சிங்கள இசை நாடகமான நூர்த்திக்காகத்தான்.

தாளக்கட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பது மட்டும் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பனிப்பிரதேசம்

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இந்த நாடகத்தின் மூலக் கதைகளை ஷோலம் அலைக்கம் எழுதியது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில். 2018இல் நியூயோர்க்கில் முழு நாடகத்தையும் இத்திஷ் மொழியிலேயே போட்டார்கள், மேலே ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் எழுத்து ஓடியது. தங்கை வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். சபையில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் பாஷை தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கும் தெரியாது. முதல் இருபது நிமிடம் எழுத்தை வாசித்தேன், பிறகு விட்டுவிட்டேன். அழைத்துப் போங்கள் அக்கா.

பம்பலப்பிட்டி டீச்சர்

பிள்ளை, அழைத்துப் போ. ஆனால் ஒளிக்காரர் சொன்னதுபோல எல்லாவற்றையும் முன்னமே சொல்லிவிட்டு அழைத்துப் போ. என் கணவரை ஒருமுறை ஒன்றும் சொல்லாமல் ஒரு நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஒரு வீடு எரிவதுபோலச் சிவப்பு வெளிச்சம் போட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விட்டார். நாடகம் முடிய நான் போய்த் தேடினால், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கோபித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: "எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே."

போவதா இல்லையா என்பதை அம்மாவே சொல்லட்டும். நீங்கள் எல்லோரும் அவரைக் கேட்காமல் தீர்மானிக்கிறீர்கள்.

வெள்ளவத்தை மகள்

டீச்சர், உண்மை. சுட்டது.

அம்மாவிடம் மூன்று மாலையாகக் கதை சொன்னேன், முருங்கை இலை உருவிக்கொண்டு. எதிர்பார்த்ததைவிடக் கடினம், ஏனென்றால் அம்மா குறுக்கே கேள்வி கேட்கிறார். மூத்தவளைக் கேட்டு வந்த இறைச்சிக் கடைக்காரர் சீதனம் கேட்கவில்லை என்றதும், "அது நல்ல இடம்தானே, ஏன் விட்டார்கள்?" என்றார். வயது கூட, அவளுக்குப் பிடிக்கவில்லை, அவள் தையல்காரனை விரும்பினாள் என்றேன். "தையல்காரனிடம் மெசின் இருக்கிறதா?" இல்லை, பிறகுதான் வாங்குகிறான் என்றேன். அன்றைய கதை அத்தோடு நின்றுவிட்டது.

மூன்றாவது பெண் சமயம் மாறிக் கட்டிக்கொண்டு போனதையும், தகப்பன் அவளைத் தலைமுழுகியதையும் சொன்னபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கலியாண வீட்டில் நடப்பதைச் சொன்னேன். ஊரைவிட்டுப் போகச் சொல்வதையும் சொன்னேன். இலையை உருவியபடியே, "எத்தனை நாள் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். "மூன்று நாள் கூடத்தான்" என்றார்.

வருகிறாராம். வெள்ளிக்கிழமைக்கே. குரல் நன்றாக இருக்கும்போது கேட்க வேண்டுமாம். ஒளிக்காரர் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டியது என் பிழை.

வெள்ளவத்தை மகள்

போய் வந்துவிட்டோம். நேரம் இரவு பன்னிரண்டரை. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்கே அம்மா காஞ்சிபுரம் கட்டித் தயாராக நின்றார். ஒன்பதாம் வரிசை, ஓரம், சால்வை, எல்லாம் சொன்னபடி. திரை திறந்ததும் கூரைமேல் ஒருவன் பிடில் வாசிக்கிறான். அம்மா என்னைப் பார்த்து, "காப்பு இல்லையா?" என்றார். காப்பு என்ற கடவுள் வாழ்த்தைப் பாடாமல் கூத்துத் தொடங்குகிறார்களே என்று. பிறகு ஊர் முழுவதும் வந்து வட்டமாக நின்று, தகப்பன்மார் ஒரு கூட்டம், தாய்மார் ஒரு கூட்டம், பிள்ளைகள் ஒரு கூட்டம் என்று தங்கள் வழக்கங்களைப் பாடியபோது, "இதுதான் காப்பு" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அதன்பிறகு நெடுநேரம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தெவ்யேயாக நடித்தவர் நன்றாகப் பாடினார், ஆனால் வசனத்தில் ஒரே அவசரம். வண்டிக் குதிரைக்குக் கால் நொண்டி, தானே வண்டியை இழுத்து வருகிறவருக்கு மூச்சு வாங்க வேண்டாமா? இவர் ஓடி வந்தார். கோல்டே மிகவும் நல்ல தெரிவு. கையைத் துடைத்துக்கொண்டே திட்டுகிற விதம் எங்கள் ஒழுங்கையில் யாரையோ பார்த்ததுபோல இருந்தது. இருபத்தைந்து வருடம் வாழ்ந்தபிறகு தெவ்யே அவளிடம் என்மேல் அன்பு உண்டா என்று கேட்கிற பாட்டில், அவள் சமைத்ததையும் துவைத்ததையும் மாடு கறந்ததையும் கணக்குச் சொல்ல, சபை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அது கேட்கத் தேவையில்லாத கேள்வி என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

இனி கனவுக் காட்சி. தையல்காரனுக்கு மூத்தவளைக் கொடுக்க மனைவியைச் சம்மதிக்கவைக்க வேண்டும்; அதற்காகத் தெவ்யே படுக்கையில் பதறி எழுந்து, உன் பாட்டி கனவில் வந்தார் என்று கதை கட்டுகிறார். மேடை நீலமாகிறது, புகை வருகிறது, கல்லறைகளுக்கு நடுவே என் மகள். வெள்ளை முக்காடு, சுருங்கிய முகம். ஒரு கல்லறைக் கல்லை ஒருமுறை தொட்டாள். துணியை இழுத்து இடுப்பில் செருகினாள். வலது காலை முதலில் வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

நான் மேடையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். அம்மாவின் கை தன் இடது முழங்காலுக்குப் போனது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "களவாணி," என்றார், மூன்று வரிசைக்குக் கேட்கும்படி, "என்னை அப்படியே எடுத்துவிட்டாள்."

கனவு முடிந்தபிறகும் சிரிப்பு நிற்கவில்லை. காதருகே வந்து சொன்னார்: "உன் அப்பாவும் இப்படித்தான். கொழும்புக்கு மாற்றம் கேட்டு எழுதிவிட்டு, மாவிட்டபுரம் கந்தன் கனவில் வந்து போகச் சொன்னான் என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியும் பொய் என்று. கந்தன் ஏன் வெள்ளவத்தைக்குப் போகச் சொல்கிறான்?" அப்பா போய்ப் பதினொரு வருடம். இந்தக் கதையை நான் இன்றுதான் முதல்முறை கேட்கிறேன்.

கலியாண ஆட்டம். ஆண்கள் தொப்பிமேல் போத்தலை நிறுத்தி, கையைக் கோத்து, முழங்காலை மடித்து நகர்கிறார்கள். ஒட்டுவதில்லை, கொளுவுவதில்லை, வெறும் போத்தல்தான் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒரு பையனுடையது விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டு ஒதுங்கினான், மற்றவர்கள் நிறுத்தாமல் ஆடினார்கள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அம்மாவுக்கு அதில் பெரிய வியப்பில்லை. கரகம் பார்த்த கண்.

பிறகு அவர்கள் புகுந்தார்கள். ஒளிக்காரர் ஐயா, நீங்கள் சொன்னதுபோலத்தான். ஒரு சத்தமும் இல்லை, பின்னால் யாரோ இருமினார்கள். மேசை கவிழ்ந்தது, தலையணைப் பஞ்சு விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது. அம்மா அசையவில்லை. கைப்பையை மடிக்கு எடுத்து, திறந்து, உள்ளே விரல்விட்டு எதையோ தடவிப் பார்த்தார். அடையாள அட்டை. இருக்கிறது என்று தெரிந்ததும் பையை மூடினார். வெளிச்சம் வந்ததும், "தேத்தண்ணீர் குடிப்போமா?" என்றார்.

இரண்டாம் பாதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒலிவாங்கி இரண்டு இடத்தில் கொரகொரத்தது, மூன்றாவது பெண்ணின் நடனம் நீளம். ரெயில் நிலையத்தில் இரண்டாவது மகள் தகப்பனை விட்டுச் சைபீரியாவுக்குப் போகிற காட்சியில் மட்டும், "அது லண்டனைவிடக் குளிரா?" என்று கேட்டார். என் அக்கா லண்டனில்.

கடைசிக் காட்சி. எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள். வண்டி நிற்கிறது. அந்த நேரத்தில் கோல்டே துடைப்பத்தை எடுத்து வீட்டைக் கூட்டுகிறாள்; வீட்டை அழுக்காக விட்டுப் போக மனமில்லை அவளுக்கு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா என் முழங்கையில் இடித்தார். "அவள் ஏன் கூட்டுகிறாள்? பயணம் போகிறபோது வீடு கூட்டக் கூடாது." உண்மையான கோபம். எழுந்து போய்த் துடைப்பத்தை வாங்கிவிடுவாரோ என்று இருந்தது.

முச்சக்கரவண்டியில் காலி வீதிக்கு வரும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. மகள் நடுவில், முகத்தில் பாதிச் சாயம், பாட்டியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டும்போது அம்மா வெளியே பார்த்தபடி சொன்னார்: "நான் அன்றைக்குக் கூட்டவில்லை. உன் அப்பா கூட்டச் சொன்னார், கண்ணாடித்துண்டு பிள்ளையின் காலில் குத்தும் என்று. நான் மாட்டேன் என்றேன். உன்னைத் தூக்கிக்கொண்டேன். அதனால்தான் திரும்பி வந்தோம்."

நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, படியில் ஏறுமுன் கதவு நிலையைத் தொடப் போனவர் கையை எடுத்துவிட்டுப் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தூக்கக் கலக்கத்தில் பின்னால் நின்றாள். "என்ன, படிக்கிறாயா?" என்றார். பிறகு தொட்டார்.

நாற்சார் ஐயா, உங்களுக்கும் ஒரு செய்தி. தாளக்கட்டு யாரிடம் பழகலாம் என்று மகள் கேட்கிறாள். உங்களுக்குத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் எழுதுங்கள், கொழும்பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விடுமுறையில் போகலாம்.

ஞாயிறு பிற்பகல் காட்சிக்கு அம்மா மறுபடி போக வேண்டும் என்கிறார். கனவுக் காட்சியில் இடுப்பில் செருகுவது இன்னும் கொஞ்சம் மெதுவாக வர வேண்டுமாம், பேத்திக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சரிபார்க்கப் போகிறாராம். டிக்கெட் முடிந்துவிட்டது என்கிறார்கள். யாரிடமாவது இரண்டு இருக்கிறதா? நடைபாதை ஓரம்.